உயிர் உரம்: எண்ணிப் பார்த்து நம்புவோம்

2023 செப்டம்பர் மாதம் உங்களுக்கு நினைவிருக்கும். உள்ளூர் வெள்ளை அரிசி கடைகளில் கிடைக்கவில்லை. பத்து கிலோ பை 26 ரிங்கிட் என்று விலை ஒட்டியிருந்த அலமாரிகள் காலியாகக் கிடந்தன. அதற்கு முன், ஜூலையில், பாசுமதி அல்லாத வெள்ளை அரிசியின் ஏற்றுமதிக்கு இந்தியா தடை விதித்திருந்தது. செப்டம்பர் முதல் தேதி இறக்குமதி வெள்ளை அரிசியின் விலை டன்னுக்கு 2,350 ரிங்கிட்டிலிருந்து 3,200 ரிங்கிட்டாக உயர்ந்தது.

அன்று அம்மா என்னை மூன்று கடைகளுக்கு அனுப்பினார். மூன்றிலும் வெறுங்கையோடு திரும்பினேன். எங்கள் வீடு சுங்கை பட்டாணியில். நாட்டின் நெற்களஞ்சியம் கெடா என்று பாடப்புத்தகத்தில் படித்து மதிப்பெண் வாங்கியவள் நான். களஞ்சியத்தின் வாசலில் குடியிருந்துகொண்டு அரிசிக்கு அலைந்த நாள் அது.

நான் பல்கலைக்கழகத்தில் வேளாண் உயிரியல் தொழில்நுட்பம் இறுதியாண்டு படிக்கிறேன். "வயல் வேலைக்கா பட்டம் படிக்கிறாய்?" என்று கேட்ட உறவினர்கள் உண்டு. அந்த அரிசித் தட்டுப்பாட்டுக்குப் பிறகு அக்கேள்வி குறைந்துவிட்டது. என் இறுதியாண்டு ஆய்வுக்கு நான் தேர்ந்தெடுத்த தலைப்பு, நெற்பயிரின் வளர்ச்சிக்கு உதவும் மண் பாக்டீரியா. அதில் நான் கண்டதையும், கொண்ட கருத்தையும் மாணவர்களாகிய உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மண் பாக்டீரியா நெல்லுக்கு உதவும் என்பது உண்மை. ஆனால் எவ்வளவு உதவும் என்று அளக்காமல், பொட்டலத்தில் உயிரோடு இருக்கிறதா என்று எண்ணிப் பார்க்காமல், அதை விவசாயியின் கையில் கொடுப்பது தவறு.

பாக்சிக் கேட்ட கேள்வி

ஆய்வைத் தொடங்கும் முன் வயலைப் பார்க்க யான் மாவட்டத்துக்குப் போனேன். குனோங் ஜெராய் மலையடிவாரத்திலிருந்து கடல் வரை நெல்வயல்கள். அப்பாவுடன் முன்பு வேலை செய்த ஒருவரின் அண்ணன் அங்கே நெல் பயிரிடுகிறார். நான் அவரைப் பாக்சிக் என்றே அழைப்பேன்.

நான் பாக்டீரியாவைப் பற்றிச் சொன்னதும் அவர் சிரித்துவிட்டார். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு விற்பனையாளர் வந்து, இனி யூரியாவே வேண்டாம், விளைச்சல் இரட்டிப்பாகும் என்று சொல்லி ஒரு புட்டி மருந்தை விற்றாராம். பாக்சிக் வாங்கித் தெளித்தார். ஒரு மாற்றமும் தெரியவில்லை.

"யூரியா போட்டால் ஒரு வாரத்தில் இலை பச்சை பிடிக்கும். கண்ணால் பார்க்கலாம். நீ சொல்லும் பாக்டீரியாவை நான் எங்கே போய்ப் பார்ப்பது, நாக்?" என்று மலாய் மொழியில் கேட்டார்.

என்னிடம் அப்போது பதில் இல்லை. நான் அவரிடம் தவறாக ஒன்றைச் சொல்லி, அதை நம்பி அவர் உரத்தைக் குறைத்து, பயிர் மெலிந்துபோனால் எனக்கு ஒரு மதிப்பெண்கூடக் குறையாது. அவருக்கோ ஒரு பருவத்து வருமானம் போய்விடும். மூடா பகுதியில் 1970ஆம் ஆண்டு தொடங்கி ஆண்டுக்கு இரண்டு பருவம் நெல் விளைகிறது. ஒன்றில் தோற்றால் அடுத்த அறுவடைக்கு ஏறக்குறைய ஆறு மாதம் காத்திருக்க வேண்டும். அறிவியலைப் பிறருக்கு எடுத்துச் சொல்லும் மாணவர் எவரும் இதை மறக்கக் கூடாது.

வேரில் நடப்பது என்ன?

நாம் சுவாசிக்கும் காற்றில் 78 விழுக்காடு நைட்ரஜன். ஆனால் நெற்பயிரால் அதில் ஒரு துளியைக்கூட நேரடியாக எடுத்துக்கொள்ள முடியாது. நைட்ரஜன் மூலக்கூறில் இரண்டு அணுக்களும் மூன்று பிணைப்புகளால் இறுகப் பிணைந்திருக்கின்றன. ஹேபர், பாஷ் ஆகிய ஜெர்மானியர்கள் வகுத்த முறையில், 1913 முதல் தொழிற்சாலைகள் இந்தப் பிணைப்பை உடைத்து அம்மோனியா தயாரிக்கின்றன. அதற்கு 400 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பமும், காற்றழுத்தத்தைப் போல் நூறு மடங்குக்கு மேற்பட்ட அழுத்தமும் தேவை. மூலப்பொருள் இயற்கை எரிவாயு. நம் கெடாவில் கூரூனில் உள்ள ஆலையும் எரிவாயுவைக் கொண்டுதான் யூரியா தயாரிக்கிறது. அதனால்தான் உலகில் எரிவாயு விலை ஏறும்போதெல்லாம் உர விலையும் ஏறுகிறது. 2022இல் உக்ரைன் போர் தொடங்கியபோது அதைக் கண்டோம்.

அதே வேலையைச் சில பாக்டீரியாக்கள் சாதாரண வெப்பத்தில், சேற்றுக்குள் இருந்தபடி செய்கின்றன. நைட்ரோஜினேஸ் என்னும் நொதியே அவற்றின் கருவி. பயற்றஞ்செடியைப் பிடுங்கிப் பாருங்கள். வேரில் சிறு முடிச்சுகள் இருக்கும். ஒன்றை நகத்தால் கிள்ளினால் உள்ளே இளஞ்சிவப்பாகத் தெரியும். ரைசோபியம் பாக்டீரியாவின் வீடு அது.

நெல்லின் வேரில் இந்த முடிச்சு கிடையாது. ஆனாலும் வேரைச் சுற்றியுள்ள மெல்லிய மண்படலத்தில் பாக்டீரியாக்கள் கூட்டமாக வாழ்கின்றன. அப்பகுதிக்கு 1904இல் ரைசோஸ்பியர் என்று பெயர் வைத்தவர் ஜெர்மானிய அறிஞர் லோரன்ஸ் ஹில்ட்னர். தமிழில் வேர்மண்டலம் என்கிறோம். வேர் கசியவிடும் சர்க்கரையையும் அமிலங்களையும் உண்டு பாக்டீரியாக்கள் அங்கே பெருகுகின்றன. சும்மா உண்டுவிட்டுப் போவதில்லை, சில கைம்மாறும் செய்கின்றன.

அவற்றுள் அசோஸ்பைரில்லம் முக்கியமானது. பிரேசிலில் பணியாற்றிய ஜோஹன்னா டோபரெய்னர் 1970களில் புல்வகைப் பயிர்களின் வேரில் இதை ஆராய்ந்து உலகின் கவனத்துக்குக் கொண்டு வந்தார். இது காற்றிலுள்ள நைட்ரஜனை ஓரளவு நிலைப்படுத்துகிறது. அதைவிட முக்கியமாக, ஆக்சின் என்னும் வளர்ச்சி ஊக்கியைச் சுரக்கிறது. அதனால் பக்கவேர்களும் வேர்த்தூவிகளும் பெருகுகின்றன. வேரின் பரப்பு கூடினால், மண்ணில் ஏற்கெனவே இருக்கும் சத்தைப் பயிர் கூடுதலாக எடுத்துக்கொள்ளும்.

இன்னொரு வகை, பாஸ்பேட்டைக் கரைக்கும் பாக்டீரியா. நம் நாட்டு மண்ணில் அமிலத்தன்மை அதிகம். நாம் போடும் பாஸ்பேட்டை மண்ணிலுள்ள இரும்பும் அலுமினியமும் பிடித்துக்கொள்கின்றன. இந்தப் பாக்டீரியாக்கள் அமிலங்களைச் சுரந்து அதை விடுவிக்கின்றன. யூபிஎம் ஆய்வாளர்கள் அமில சல்பேட் மண்ணிலிருந்தே இத்தகைய பாக்டீரியாக்களைப் பிரித்தெடுத்து, நெல்லில் சோதித்து, முடிவுகளை 2014இல் வெளியிட்டிருக்கிறார்கள். கடுமையான அந்த மண்ணிலேயே வாழப் பழகியவை என்பதால் அவற்றைத் தேடியது பொருத்தமே.

யூரியாவுக்கு மாற்றா?

இப்போது அந்த விற்பனையாளர் சொன்னதற்கு வருவோம். யூரியாவே வேண்டாமா? ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

ஒரு டன் நெல் விளைய, பயிர் சுமார் 15 முதல் 20 கிலோ நைட்ரஜனை எடுத்துக்கொள்கிறது. எக்டருக்கு ஐந்து டன் வேண்டுமென்றால் 75 முதல் 100 கிலோ தேவை. நீர் நிற்கும் நெல்வயலில் தனித்து வாழும் நுண்ணுயிர்கள் எல்லாம் சேர்ந்து, நல்ல சூழலில், ஒரு பருவத்துக்கு ஏறத்தாழ 30 கிலோ வரை சேர்க்கலாம் என்பது பொதுவாக ஏற்கப்படும் மதிப்பீடு. செயற்கை உரம் வருவதற்கு முன் ஆசிய விவசாயிகள் தலைமுறை தலைமுறையாக ஒரே வயலில் நெல் விளைவித்ததற்கு இந்த நுண்ணுயிர்கள் ஒரு முக்கியக் காரணம். நீலப்பச்சைப் பாசிகளின் பங்கை இந்தியாவைச் சேர்ந்த பி.கே.டே 1939இலேயே எடுத்துக்காட்டினார்.

ஆனால் அக்கால விளைச்சல் குறைவு; அன்று உணவளிக்க வேண்டிய மக்கள்தொகையும் குறைவு. 30 கிலோவை வைத்து 100 கிலோவின் இடத்தை நிரப்ப முடியாது. படிவம் ஒன்று மாணவருக்குக்கூட இந்தக் கழித்தல் புரியும். எனவே "பாக்டீரியா இருந்தால் யூரியா வேண்டாம்" என்று சொல்பவரை நான் நம்பமாட்டேன்.

அப்படியானால் இது பயனற்றதா? அதுவும் இல்லை. நெல்வயலில் போடும் யூரியாவின் நைட்ரஜனில் பொதுவாக 30 முதல் 40 விழுக்காடு மட்டுமே பயிருக்குப் போய்ச் சேருகிறது. மீதியில் பெரும்பங்கு அம்மோனியாவாகக் காற்றில் கலக்கிறது, வாயுவாக மாறித் தப்பிக்கிறது, அல்லது நீரோடு ஓடி வாய்க்காலைக் கெடுக்கிறது. வெளியேறும் வாயுக்களில் ஒன்றான நைட்ரஸ் ஆக்சைடு, புவியை வெப்பமாக்குவதில் கரியமில வாயுவைவிட ஏறக்குறைய 270 மடங்கு வலிமையுள்ளது. வேர் பெருத்து, போட்ட உரத்தில் இன்னும் கொஞ்சம் பயிரின் வாய்க்குள் போனாலே அது பெரிய லாபம். உரத்தைக் கைவிடுவதற்கல்ல, உரத்தை வீணாக்காமல் இருப்பதற்கே பாக்டீரியா நமக்குத் துணை. நான் பேச விரும்புவது இந்த அளவான பயனைப் பற்றியே.

என் தொட்டிகளில் நடந்தது

கடையில் ஒரு பொட்டலம் வாங்கினேன். அதன் மேல் பசுமையான வயலின் படம் இருந்தது. எத்தனை உயிருள்ள செல்கள் என்ற விவரம் இல்லை. கடை வாசலில் வெயில்படும் இடத்தில் அடுக்கி வைத்திருந்தார்கள். நான் மட்டும் என்ன கவனமாகவா இருந்தேன்? மோட்டார் சைக்கிள் பெட்டியில் போட்டு, இரண்டு நாள் அப்படியே விட்டுவிட்டேன்.

எம்.ஆர். 297 ரக நெல்லைத் தொட்டிகளில் விதைத்தேன். ஒரு பிரிவுக்குப் பாக்டீரியா இல்லை. இரண்டாவது பிரிவுக்குப் பொட்டலத்தில் உள்ளது. மூன்றாவது பிரிவுக்கு அதே பொட்டலப் பொடியை அழுத்தக்கலனில் வேகவைத்து, பாக்டீரியாவைக் கொன்றுவிட்டுப் போட்டேன். இந்த மூன்றாவது பிரிவு வேண்டும் என்று வற்புறுத்தியவர் என் மேற்பார்வையாளர். பொடியில் உள்ள சத்தால் செடி வளர்ந்ததா, உயிருள்ள பாக்டீரியாவால் வளர்ந்ததா என்பதை இதைக் கொண்டே பிரித்தறிய முடியும்.

ஆறு வாரம் கழித்து மூன்று பிரிவுச் செடிகளின் வேர்களையும் கழுவி வரிசையாக வைத்தேன். எந்த வேறுபாடும் தெரியவில்லை. அன்றிரவு தலைப்பையே மாற்றிவிடலாமா என்று யோசித்தேன்.

மறுநாள் மேற்பார்வையாளர் ஒன்றே ஒன்றைக் கேட்டார்: "எண்ணிப் பார்த்தாயா?"

எண்ணவில்லை. ஒரு கிராம் பொடியை நீரில் கலந்து, படிப்படியாகப் பத்துப் பத்து மடங்கு நீர்க்கச் செய்து, ஊட்டக்கூழ்த் தட்டில் பரப்பி, இரண்டு மூன்று நாள் கழித்து முளைத்த புள்ளிகளை எண்ண வேண்டும். ஒரு புள்ளி என்றால் தொடக்கத்தில் அங்கே உயிருள்ள ஒரு செல் இருந்ததாகக் கணக்கு. இந்தியாவின் உரக் கட்டுப்பாட்டு ஆணையில் 2006இல் உயிர் உரங்கள் சேர்க்கப்பட்டபோது, பொடி உரமானால் கிராமுக்குக் குறைந்தது 5 கோடி உயிருள்ள செல்கள் இருக்க வேண்டும் என்று வரையறுத்தார்கள். அந்த அளவு இருந்திருந்தால் நான் தேர்ந்தெடுத்த தட்டில் சுமார் 50 புள்ளிகள் முளைத்திருக்க வேண்டும். என் மூன்று தட்டுகளிலும் ஒன்று, இரண்டு என்றே இருந்தன.

ஆறு வாரமாக நான் செடிகளுக்குப் போட்டது பெரும்பாலும் பிணங்களை. உயிருள்ள பொடிக்கும் வேகவைத்த பொடிக்கும் வேறுபாடு தெரியாததில் வியப்பில்லை.

இரண்டாம் முறை ஆய்வுக்கூடத்தில் புதிதாக வளர்த்த அசோஸ்பைரில்லத்தைப் பயன்படுத்தினேன். முதலில் எண்ணினேன், பிறகே விதையில் கலந்தேன். இம்முறை பாக்டீரியா பெற்ற செடிகளின் வேர்கள் அடர்த்தியாக இருந்தன. செடியின் உயரத்தில் வேறுபாடு இல்லை. சில தொட்டிச் செடிகளை வைத்துக்கொண்டு நாட்டுக்கு அறிவுரை சொல்ல முடியாது என்பதை அறிவேன். ஆனால் பாக்சிக் வாங்கிய அந்தப் புட்டியில் என்ன நடந்திருக்கலாம் என்று இப்போது என்னால் ஊகிக்க முடிகிறது.

பெயரிலேயே இருக்கிறது

இந்த ஆய்வுக்காகத் தமிழ்நாட்டு வேளாண்மைக் கையேடுகளைப் படித்தேன். அங்கே அசோஸ்பைரில்லமும் பாஸ்போபாக்டீரியாவும் நெல் விவசாயிகளுக்குப் பழகிய சொற்கள். 200 கிராம் பொட்டலங்களில் கிடைக்கின்றன. ஆறிய அரிசிக் கஞ்சியில் கரைத்து விதையோடு கலக்கிறார்கள், நிழலில் அரைமணி நேரம் உலர்த்தி விதைக்கிறார்கள். நாற்றின் வேரைக் கரைசலில் நனைத்தும் நடுகிறார்கள். வெயிலில் வைக்காதீர், இரசாயன உரத்தோடு கலக்காதீர், காலாவதித் தேதியைப் பார்த்து வாங்குங்கள் என்று கையேடுகள் எச்சரிக்கின்றன. தமிழில் இதற்கு உயிர் உரம் என்று பெயர். அதை எப்படிக் கையாள வேண்டும் என்பது பெயரிலேயே இருக்கிறது. யூரியா மூட்டை கிடங்கில் மாதக்கணக்கில் கிடந்தாலும் யூரியாதான். உயிர் உரம் பால் பாக்கெட்டைப் போன்றது.

ஆனால் அங்குள்ள முறையை அப்படியே இங்கே கொண்டுவர முடியாது. மூடா பகுதியில் 1980களிலிருந்தே ஆள் பற்றாக்குறையால் நாற்று நடுவது குறைந்து, நேரடி விதைப்பு பரவிவிட்டது. நனைப்பதற்கு நாற்றின் வேர் இல்லை. எனவே நமக்கு விதையோடு கலக்கும் முறையே பொருந்தும். பிலிப்பைன்ஸ் தனக்கென்று ஒரு வழி கண்டது. லாஸ் பானோஸ் பல்கலைக்கழகத்தின் மெர்சிடஸ் உமாலி கார்சியா, அந்நாட்டில் வளரும் நாணல் புல்லின் வேரிலிருந்து அசோஸ்பைரில்லத்தைப் பிரித்தெடுத்து, பயோ-என் என்ற உரத்தை உருவாக்கினார். தம் மண்ணிலிருந்தே எடுத்து, தம் விவசாயிக்கே கொடுத்தார்.

நம் நாட்டிலும் அடித்தளம் உண்டு. யூபிஎம், மார்டி, பாங்கியில் உள்ள நியூக்ளியர் மலேசியா ஆகியவை உயிர் உர ஆய்வில் ஈடுபட்டுள்ளன. ஆசிய அணுசக்தி ஒத்துழைப்பு மன்றத்தின் உயிர் உரத் திட்டத்திலும் மலேசியா பங்கு பெற்றிருக்கிறது. அணுசக்திக்கும் உரத்துக்கும் என்ன தொடர்பு என்று கேட்பீர்கள். பாக்டீரியாவைச் சுமக்கும் பொடியில் வேண்டாத நுண்ணுயிர்களும் இருக்கும், அவை நம் பாக்டீரியாவோடு போட்டியிடும். காமாக் கதிரைப் பாய்ச்சி அவற்றை முதலில் அழித்துவிட்டால், நாம் சேர்க்கும் பாக்டீரியா அதிக நாள் தாக்குப்பிடிக்கும். ஆகவே அறிவியல் நம்மிடம் இருக்கிறது. அறுந்து போவது, ஆய்வுக்கூடத்துக்கும் வயலுக்கும் இடைப்பட்ட வழி. லாரியின் வெப்பம், கடை வாசலின் வெயில், விவரம் அச்சிடாத பொட்டலம், என்னைப் போல் மோட்டார் சைக்கிள் பெட்டியில் போடுபவர் ஆகியவையே சிக்கல்.

நான் வேண்டுவது

உயிர் உரம் விற்கும் ஒவ்வொருவரும் பாக்டீரியாவின் பெயர், செல் எண்ணிக்கை, தயாரித்த நாள், காலாவதி நாள் ஆகிய நான்கையும் பொட்டலத்தில் அச்சிட வேண்டும். அவை இல்லாத பொட்டலத்தை வாங்கக் கூடாது. உயிர் உரத்தைக் கொடுப்பவர் வயலில் ஒரு பாத்தியைச் சேர்க்காமல் விட்டு ஒப்பிட்டுக் காட்ட வேண்டும். யூரியாவைக் குறைக்கச் சொல்வதென்றால் சிறு அளவில், சிறு பாத்தியில், முதலில் சோதித்துவிட்டுச் சொல்ல வேண்டும்.

"இரசாயனம் என்றால் விஷம், இயற்கை என்றால் நன்மை" என்று மேடையில் பேசுவது எளிது. "பாக்டீரியாவாவது உரமாவது" என்று சிரிப்பதும் எளிது. இரண்டுக்கும் ஒரு தட்டைக்கூட எண்ணத் தேவையில்லை. தமிழில் எண்ணுதல் என்ற ஒரே சொல்லுக்குக் கணக்கிடுதல், சிந்தித்தல் என்று இரண்டு பொருள். ஆய்வுக்கூடத்தில் இரண்டும் ஒரே வேலைதான் என்பதை நான் தாமதமாகக் கற்றுக்கொண்டேன்.

படிவம் நான்கு, ஐந்தில் உயிரியல் படிக்கும் தம்பி தங்கைகளே, ஒரு பயற்றஞ்செடியையும் ஒரு புல்லையும் வேரோடு பிடுங்கி அருகருகே வைத்துப் பாருங்கள். முடிச்சு எதில் இருக்கிறது, எதில் இல்லை என்று ஆசிரியரிடம் பேசுங்கள். எஸ்.பி.எம். முடித்ததும் மருத்துவம், பொறியியல் என்று விண்ணப்பப் பட்டியல் எழுதும்போது, நுண்ணுயிரியலுக்கும் வேளாண்மைக்கும் ஒரு வரி ஒதுக்குங்கள். அடுத்த அரிசித் தட்டுப்பாடு வரும்போது கடை கடையாக அலைவதற்கு ஆட்கள் நிறைய இருப்பார்கள். வேரைக் கழுவிப் பார்ப்பதற்கும் நாலு பேர் வேண்டும்.

சென்ற மாதம் மீண்டும் யானுக்குப் போயிருந்தேன். பாக்சிக்கிடம் பிணங்களின் கதையைச் சொன்னேன். இந்த முறை அவர் சிரிக்கவில்லை. தாம் வாங்கிய புட்டி ஒரு வாரம் காரிலேயே கிடந்ததாகச் சொன்னார். வரும் பருவத்தில் வாய்க்காலோரப் பாத்தி இரண்டை எனக்குத் தருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார். ஒன்றில் பாக்டீரியா கலந்த விதை, மற்றொன்றில் கலக்காத விதை. அறுவடையில் தாமே தராசைப் பிடிப்பேன் என்றும் சொல்லிவிட்டார்.

விதைப்பதற்கு முந்தைய நாள் நான் தட்டுகளை எண்ணுவேன். 50க்குக் குறைந்தால் அவர் வயலுக்குப் போகமாட்டேன்.